பொட்டலத் தாளைப் படித்துவிட்டு மடித்த லூர்தம்மாள்

உங்களைவிடக் குறைவாகப் படித்த ஒருவர், உங்களைவிட அதிகம் தெரிந்தவராகத் தினமும் உங்கள் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தால் உங்களால் தாங்க முடியுமா? அவசரப்பட்டு முடியும் என்று சொல்லிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மேல் கீழ் என்பதெல்லாம் புரட்டு என்று மேடை ஏறிப் பேசியவன் நான். அந்த ஒருவர் கடலை விற்கிற பெண்ணாக வந்து உட்கார்ந்தபோது என் பேச்செல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அவர் பெயர் லூர்தம்மாள்.

1969ஆம் வருஷம். ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு நான் டைம்கீப்பர். வண்டி வந்த நேரமும் கிளம்பிய நேரமும் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் படிப்பேன். மாதம் ஒருமுறை சென்னைக்குப் போய் நூலகத்திலிருந்து ஆங்கிலப் புத்தகங்கள் எடுத்து வருவேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சாலையோரம் ஓலைக்கூரை போட்டு ஒரு படிப்பகம் நடத்தினோம். வாசலில் ஒரு கரும்பலகை. 'இன்று ஓர் உண்மை' என்று தலைப்புப் போட்டு தினமும் காலையில் அதில் ஒரு செய்தி எழுதுவது என் பொறுப்பு. பொறுப்பு என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது என் கிரீடம். பெயர்தான் கோதண்டராமன், ஊரில் என்னை 'பலகை சார்' என்றார்கள். அந்தப் பட்டத்தை நான் மிகவும் விரும்பினேன்.

சாலைக்கு அந்தப் பக்கம் மாரியின் டீக்கடை. அதை ஒட்டி ஒருநாள் லூர்தம்மாள் கூடையை இறக்கி வைத்தார். நாற்பது வயது இருக்கும். கணவர் கல்குவாரியில் வெடி வைக்கும்போது இறந்துபோனவர். மாதாகோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்திருந்தார். மணலில் வறுத்த கடலையைப் பொட்டலம் கட்டி விற்றார். பொட்டலத்துக்குப் பழைய வாரப்பத்திரிகைகளை எடைக்கு வாங்கி வருவார். எல்லாக் கடலைக்காரர்களும் செய்வதுதான். ஆனால் லூர்தம்மாள் ஒவ்வொரு தாளையும் முழுதும் படித்துவிட்டுத்தான் மடிப்பார். உதடு மெதுவாக அசையும். வாடிக்கைக்காரர் காத்திருந்தாலும் படிப்பு முடிந்தால்தான் கடலை. கொடுக்கும்போது அதில் இருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார்.

ஒருநாள் லாரி டிரைவர் ஒருவர் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது.

"இன்னாம்மா, இன்னிக்கு இன்னா நியூஸு?"

"மொளகா நம்ப ஊருது இல்லியாம். நானூறு வருசத்துக்கு மேல ஆவுதாம், கப்பல்ல ஏத்திகினு வந்தாங்களாம். அமெரிக்கா பக்கத்துலேந்து."

"த்தோடா! அதுக்கு முன்னாடி நம்ப பாட்டன் கொழம்புல இன்னாத்த போட்டானாம்?"

"மொளகு போட்டானாம். எழுதிகீது பாரு. இந்தக் கடலயும் அங்கேந்து வந்ததுதான்."

"அப்ப நீ ஃபாரின் சரக்கு விக்கிறியா?"

"ஆமா. மரியாதயா துன்னு."

டீக்கடையே சிரித்தது. அன்று என் பலகையில் ஒளியின் வேகத்தை எழுதியிருந்தேன். அதன் முன்னால் ஒரு வெள்ளாடு மட்டும் நின்றது. அதுவும் படிக்கவில்லை, பலகையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

என் வயிற்றில் முதல் எரிச்சல் அன்றுதான் தொடங்கியது. பசி என்று நினைத்தேன். சாப்பிட்டேன், போகவில்லை.

மறுவாரம் கொசு. கடிப்பது பெண் கொசு மட்டும்தான் என்று லூர்தம்மாள் சொன்னதும் மாரி தோசைக்கரண்டியோடு வெளியே வந்து, "அத்தான பாத்தேன்! என் வூட்லயும் அதே கததான்" என்றான். "ஆம்பள கொசு இன்னா பண்ணுதுன்னு கேளு மாரி. பூவுல தேன உறிஞ்சிட்டு சொம்மா குந்திகினு கீதாம். உன்ன மாதிரியே" என்றார் அவர். அந்தக் கொசுச் செய்தியை இரண்டு மாதம் முன்பே நான் எழுதியிருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவருக்கும் நினைவுகூட இல்லை.

நான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். எங்கே தப்பு செய்வார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பஸ் நேரம் குறிக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் சொன்னதையெல்லாம் எழுதிவைத்தேன். ஈ காலால் ருசி பார்க்கிறது. சரி. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். சரி. வெள்ளிக் கிரகம் தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் சூரியனை ஒருமுறை சுற்றிவந்துவிடுகிறது. எனக்கே அது புதிது. அன்று இரவு ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டினேன், எதிலும் இல்லை. புத்தகங்கள் பழையவை. அவருடைய எடைக்கு வாங்கிய காகிதம் புதியது. என்னால் தூங்க முடியவில்லை.

என்னை அதிகம் எரித்தது இன்னொன்று. தாள் கிழிந்திருந்தால் அவர், "மீதி கிழிஞ்சி பூட்ச்சி. தெரியாது" என்று சொல்லிவிடுவார். அவ்வளவு சாதாரணமாக. பலகையில் நான் ஒருநாளும் தெரியாது என்று எழுதியதில்லை. ஒருமுறை அவர், "ஒட்டகம் திமில்ல சேத்து வெக்கிறது..." என்று படித்து நிறுத்தினார். அங்கே தாள் கிழிந்திருந்தது. நான் சாலையைத் தாண்டிப் போய், பத்து பேர் நடுவே, "தண்ணீர்! இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்றேன். பார்த்துக்கொள்ளுங்கள்: என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் 'நீ' என்றேன். அவர் என்னை 'சார்' என்றார். சமத்துவம் பேசிய வாயில்தான் அந்த 'நீ' வந்தது.

பத்து நாள் கழித்து வேறொரு தாள் அவருக்குக் கிடைத்தது. திமிலில் இருப்பது கொழுப்பு. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பொட்டலத்தை அந்தத் தாளிலேயே மடித்துக் கொடுத்தார், அச்சு வெளியே தெரியும்படி. யாருக்கும் தெரியாமல் என்னைத் திருத்தியதற்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது வேறு: இவள் பெருந்தன்மையிலும் என்னை மிஞ்சுகிறாளே.

நிலாவில் மனிதன் இறங்கிய ஜூலை மாதம் பலகை நிரம்ப எழுதினேன். ராக்கெட்டின் எடை, உயரம், தூரம், வேகம். நாலு பேர் நின்று படித்தார்கள். எனக்கு உயிர் வந்தது. பிறகு ஒருநாள் லூர்தம்மாள் ஒரு தாளை மடித்துக்கொண்டே, "அங்க காத்தே இல்லியாம். அவங்க வெச்ச காலடி அப்டியே கீதாம். நாம செத்து, நம்ப பேரப்புள்ளைங்க செத்தும் அழியாதாம்" என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள். நான் எழுதிய ராக்கெட்டின் எடையும் உயரமும் அந்த ஒரு வரியின் முன்னால் பஸ் டிக்கெட் எண்களைப்போல் கிடந்தன. மாரி என் பக்கம் கையைக் காட்டிச் சத்தமாகச் சொன்னான்: "சார், அந்தப் பலகைய கொண்டாந்து லூர்தம்மா கூடைக்குப் பக்கத்துல வெச்சிருங்க. நாலு பேராவது பாப்பாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததுபோல் வாயை வைத்துக்கொண்டேன்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு அற்பனின் வயிற்றெரிச்சல். இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் தெருவில் பலராமன் என்று ஒருவன், எனக்குப் பங்காளி. ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நெல் வைத்திருந்தான். மனைவி மரகதம். நான்கும் பெண் குழந்தைகள். அவன் அம்மா செல்லம்மாள், மருமகளை ஆண் குழந்தை வேண்டி ஒவ்வொரு கிருத்திகைக்கும் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு நடக்கவைத்தாள். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததும் நடை போதும் என்று முடிவுசெய்து, வடக்குப்பட்டில் வேறு பெண் பார்த்துவிட்டாள். மனைவி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டுவது குற்றம் என்று சட்டம் வந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. சட்டப் புத்தகம் என் அலமாரியில் இருந்தது. ஊருக்குள் வரவில்லை.

மரகதம் கைக்குழந்தைக்கு மருந்து வாங்கப் பஸ் ஏற வரும்போதெல்லாம் லூர்தம்மாளின் கூடையருகே நிற்பாள். இருவரும் என்ன பேசுவார்கள் என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் லூர்தம்மாள் ஒரு தாளைப் படித்தார். மறுபடி படித்தார். மூன்றாவது முறையும் உதடு அசைந்தது. அதில் அவர் கடலை மடிக்கவில்லை. நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மரகதம் வந்ததும் அவள் கையில் வைத்து அழுத்தினார்.

ஒரு வாரப்பத்திரிகையின் மருத்துவக் கேள்வி பதில் பக்கம் அது. பிறக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்தணுவைப் பொறுத்தது என்று ஒரு டாக்டர் எழுதியிருந்தார். தாயின் கருமுட்டை எப்போதும் ஒரே வகை. தகப்பனிடம்தான் இரண்டு வகை. எது முந்துகிறதோ அதுவே குழந்தை. அவனும் நினைத்துச் செய்வதல்ல, தற்செயல். ஆக, யாரையும் குறை சொல்ல இடமில்லை. தாயைச் சொல்ல அறவே இடமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பலராமனின் இரண்டாம் கல்யாணத்துக்கு ஊர் சம்மதம் கேட்டுப் பெரியவர்கள் கூடினார்கள். எங்கே தெரியுமா? எங்கள் படிப்பகத்தில். அங்கேதான் பெஞ்சு இருந்தது. மரகதம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். மற்ற மூன்று பெண்களும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தாளை எடுத்து, ஊர்ப் பெரியவர் ரத்தினத்திடம் நீட்டினாள்.

"மாமா, எங்கிட்ட கொற இல்லன்னு இதுல டாக்டரு எழுதிகீறாரு. அவருக்கு வேற பொண்ணு கட்டினாலும் பொறக்கறது என்னான்னு அவரு ஒடம்புலதான் கீது. என்ன வூட்ட வுட்டுத் தள்ளாதீங்க."

"ஏது இந்தத் தாளு?"

"லூர்தம்மாக்கா குடுத்தாங்க."

செல்லம்மாள் கையைத் தட்டிச் சிரித்தாள். "கேட்டீங்களா? கடல மடிக்கிற பேப்பர கொண்டாந்து நியாயம் பேசறா. நாளைக்கு வட சுத்தன பேப்பர கொண்டாருவா!"

ரத்தினம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. நெற்றியைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"கோதண்டராமா, இங்கிலீஷ் பொஸ்தகம்லாம் படிக்கிறவன் நீ. இதுல எழுதிகீறது நெசமா? நெசம்னா சொல்லு, பலராமன இப்பவே எழுந்து போவச் சொல்லிடறேன்."

அது உண்மை என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன்பே படித்திருந்தேன். இதையெல்லாம் வாசலில் எழுதினால் ஊர் முகம் சுளிக்கும் என்று பலகையில் எழுதாமல் விட்டிருந்தேன். இப்போது ஒரே ஒரு சொல் போதும். நிஜம். வாயைத் திறந்தேன். அப்போது வாசல் வழியாக எதிர்ப்பக்கம் தெரிந்தது. இந்தக் கூட்டத்துக்குள் வர லூர்தம்மாளுக்கு அனுமதி இல்லை, அவர் தெரு வேறு. கூடையை விட்டு எழுந்து நின்று அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாரி. அவனும் பார்த்தான். சாயங்காலம் டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்று எனக்கு அங்கேயே கேட்டது: 'லூர்தம்மா சொன்னத பலகை சாரே ஒத்துகினாரு.'

அந்த ஒரு வாக்கியத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் சொன்னேன்: "கோழி, புறா மாதிரிப் பறவைகளில் குஞ்சு சேவலா பெட்டையா என்பதைப் பெட்டைதான் தீர்மானிக்கிறது."

பொய் இல்லை. அது விஞ்ஞானம். எந்தப் புத்தகத்தில் வேண்டுமானாலும் பாருங்கள், அப்படித்தான் இருக்கும். லூர்தம்மாளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிட்டேன் என்ற இனிப்பு நாக்கில் ஏறியது. மனிதரில் அப்படி இல்லை என்ற மறுபாதியைச் சொல்லத் தொடங்குவதற்கு முன் கூட்டம் வெடித்துச் சிரித்தது. பலராமன் தொடையைத் தட்டி, "கேட்டுக்கோ! பெட்டைதானாம்!" என்றான். யாரோ கோழிபோல் கொக்கரித்தார்கள். மரகதத்தின் மூத்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு அடங்க நேரமானது. அடங்கிய பிறகும் நான் பேசவில்லை. பேசியிருக்கலாம். முழு நிமிஷம் இருந்தது. ரத்தினம் மடியில் தாளை வைத்தபடி எனக்காகக் காத்திருந்தார். நான் நோட்டைப் பார்த்து, வாலாஜாபாத் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

பின்னால் லூர்தம்மாள் வந்தார். டைம்கீப்பர் கூண்டுக்கு அவர் வந்தது அதுவே முதல் தடவை.

"சார், உங்களுக்குத் தெரியும்தான?"

"என்ன தெரியும்?"

"தெரிஞ்சிகினே சொல்லல. அவங்க உங்கள கோழியவா கேட்டாங்க?"

"இதிலெல்லாம் நீ ஏன் தலையிடுகிறாய்? ஊர்ப் பிரச்சினை."

"நாலு பொட்டப்புள்ளைங்கள கையில புடிச்சிகினு போறா, பாருங்க சார். நல்லா பாருங்க. நானா இருந்தா, தெரியலன்னாவது சொல்லிருப்பேன்."

மறுநாள் வழக்கம்போல் கடலை கேட்டேன். அவர் பக்கத்திலிருந்த வாதாம் இலையைக் கிள்ளி, அதில் கடலையைக் கொட்டி நீட்டினார். "உங்களுக்குப் பேப்பர் கெடையாது சார்." அதன்பிறகு அவர் அந்தக் கூட்டுரோட்டில் இருந்தவரை எனக்கு இலைதான். மற்ற எல்லோருக்கும் செய்தி.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மரகதம் நான்கு பெண்களோடு அம்மா வீட்டுக்குப் போய்க் குவாரியில் ஜல்லி உடைத்தாள். புதிய மனைவிக்கு அடுத்த வருஷமே ஆண் குழந்தை பிறந்தது. காசைச் சுண்டினால் பூவோ தலையோ விழும், நாலு தடவை பூ விழுந்தபின் ஐந்தாவது தலை விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் ஊர் என்ன சொன்னது? பேப்பர் பொய், பலகை சார் சொன்னதுதான் மெய். தெருவில் என் மதிப்பு ஏறியது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. பாதி உண்மையால் வந்த மதிப்பு அது என்று எனக்குத் தெரியும். இருந்தும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லூர்தம்மாள் 1972இல் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போனார். தாலுகா ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்கு எதிரே, வேப்பமர நிழலில். அங்கேயும் படித்துத்தான் மடித்தார். கூடவே ஒரு வேலை சேர்ந்தது. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும், அச்சடிக்காத வெள்ளை இடத்தில், பென்சிலால் ஒரு வரி எழுதிவிடுவார்: 'பொண்ணு பொறந்தா அம்மா மேல தப்பு இல்ல. டாக்டர கேளு.' நாளைக்கு நூறு தாள், நூற்றிருபது தாள். உள்ளே மருமகள் வலியில் கத்துவாள், வெளியே மாமியார் கடலை கொறித்துக்கொண்டு காத்திருப்பாள், கடைசிக் கடலை தீர்ந்ததும் தாள் கையில் விரியும். சிலர் கசக்கி எறிந்தார்கள். சிலர் திட்டினார்கள். ஒரு கிழவி கூடையை எட்டி உதைத்ததை நானே பார்த்தேன், மருந்து வாங்கப் போயிருந்தபோது. சிதறிய கடலையைப் பொறுக்கியபடி லூர்தம்மாள் அவளிடம், "ஆயா, கோவம் வந்தா நர்ஸம்மாவ கேட்டுட்டு வந்து மறுபடி ஒத" என்றார். அந்தக் கிழவி உண்மையிலேயே உள்ளே போனாள். திரும்பி வந்து கீழே குனிந்து கடலை பொறுக்கினாள்.

நான் மரத்துக்குப் பின்னால் நின்றேன். அப்போதும் எனக்கு வந்தது பொறாமைதான். என் பலகை பத்து வருஷத்தில் ஒருவரையும் இப்படிக் குனியவைத்ததில்லை. அன்று திரும்பி வந்து, முதல்முறையாக அந்த உண்மையைப் பலகையில் எழுதினேன். 'லூர்தம்மாள் சொன்னது' என்று சேர்க்க வேண்டும் என்று சுண்ணக்கட்டியைத் தூக்கினேன். கை எழுதவில்லை. இப்படியும் ஒரு சிறுமை உண்டு.

1983இல் மஞ்சள் காமாலையில் அவர் இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரிசையில் நின்றேன். முன்வரிசையில் மரகதம் நான்கு பெண்களோடு நின்றாள். மூத்தவள் நர்ஸ் பயிற்சி முடித்திருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது.

போன மாதம் அந்த மூத்த பெண் வேலை செய்யும் பிரசவ வார்டுக்குப் போனேன். மூன்றாவதும் பெண் என்று கேட்டு, குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒருவன் படியிறங்கிக்கொண்டிருந்தான். அவன் கையைப் பிடித்து நிறுத்தி, தாய் மேல் தப்பு இல்லை என்று சொன்னேன். கடலை விற்ற லூர்தம்மாள் என்ற பெண்ணிடமிருந்து வந்த செய்தி இது என்றும் சொன்னேன். உதறிவிட்டுப் போய்விட்டான். நாளைக்கும் போவேன்.

ஒருவன் எழுதி, ஒருவன் பேசித் தீருகிற அநியாயம் அல்ல இது. இந்த நிமிஷமும் ஏதோ ஒரு வார்டில் ஒரு பெண் குற்றவாளியைப்போல் படுத்திருக்கிறாள். இதைப் படித்துவிட்டு, அட அப்படியா என்று வியந்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரசவ வார்டு வாசலில் காத்திருக்கும் ஒரே ஒரு மாமியாரிடமாவது, ஒரே ஒரு கணவனிடமாவது இந்த உண்மையை முழுதாகச் சொல்லுங்கள். யார் சொல்லித் தெரிந்துகொண்டீர்களோ அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.